ஜாக்கி தூக்கும், தாங்காது

ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு நகரும்போது கூட்டத்தின் கண்ணெல்லாம் வடத்தின் மேல்தான் இருக்கும். 2024 ஜூன் 21 அன்று அந்த வடம் அடுத்தடுத்து அறுந்தபோது ஊரே பதறியது. ஆனால் ரத வீதியில் பிறந்து வளர்ந்தவர்கள் சக்கரத்தடியையும் பார்ப்பார்கள். அங்கே கட்டையும் கையுமாகச் சிலர் குனிந்தபடியே கூட வருவார்கள். தேரை நகர்த்துவது ஆயிரக்கணக்கான கைகள் என்றால், அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் இந்தச் சிலர் போடுகிற கட்டைகள். எந்த நொடியில், எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கம் கட்டை விழவேண்டும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த கணக்கு.

அதே ரத வீதிகளிலிருந்து பிரியும் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ஒரு கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். காரோடு வந்த சின்ன ஜாக்கிதான் அதைப் பிடித்திருக்கும். பின் சக்கரத்துக்குப் பாதி உடைந்த செங்கல் ஒன்று. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரம்மா கூப்பிட்டால், “ஒரு நிமிஷம்தான், ஆயில் எங்க ஒழுகுதுன்னு பாத்துட்டு வந்துருதேன்” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்த ஒரு நிமிஷத்தில் அவர் நெஞ்சுக்கு மேலே இருப்பது எவ்வளவு? ஆல்ட்டோ போன்ற சின்னக் கார் முக்கால் டன். ஸ்விஃப்ட் ஏறத்தாழ 900 கிலோ. இன்னோவா கிரிஸ்டா 1,800 கிலோவை ஒட்டி வரும். இன்ஜின் முன்னால் இருப்பதால் பாதிக்கும் மேற்பட்ட எடை அந்தத் தூக்கிய மூக்கில்தான் இருக்கிறது.

ஜாக்கி செய்யப்பட்டது தூக்குவதற்கு. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டும் வரை, வெளியே உட்கார்ந்து வேலை செய்கிற ஆளுக்காகச் செய்யப்பட்ட கருவி அது. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியும் போகக்கூடாது என்று காரோடு வரும் கையேட்டில் அச்சிட்டே தருகிறார்கள். ஆனால் டிக்கியில் ஜாக்கியை வைத்துக் கொடுக்கிற கம்பெனிகள், வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டையோ சக்கரத்துக்கு வைக்கும் கட்டையையோ பொதுவாகச் சேர்த்துத் தருவதில்லை. தூக்க மட்டும் வழி காட்டிவிட்டு மீதியை நம் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அந்தச் சாமர்த்தியம்தான் உடைந்த செங்கலாக வாசலில் கிடக்கிறது.

காரோடு வரும் கத்தரி ஜாக்கியை எடுத்துக்கொள்வோம். திருகாணியில் ஏறுவதால் அது தானாக இறங்காது. அந்த மட்டில் நம்பலாம். அதன் பலவீனம் பக்கவாட்டில் இருக்கிறது. அடித்தட்டு ஓர் உள்ளங்கை அகலம்தான். உயர உயர அது ஒல்லியாகிக்கொண்டே போகும். கார் இரண்டு அங்குலம் முன்னாலோ பின்னாலோ உருண்டால் போதும், ஜாக்கி சாய்ந்துவிடும். சாய ஆரம்பித்ததைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

பாட்டில் ஜாக்கி, ட்ராலி ஜாக்கி எல்லாம் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்பவை. மொத்த எடையையும் தாங்குவது உள்ளே இருக்கிற ரப்பர் சீலும் ஒரு சின்ன வால்வும். வெயில் காயும் தகரக் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்த ஜாக்கியின் சீல் இறுகிப்போயிருக்கும். வால்வின் வாயில் ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்தால் எண்ணெய் மெல்லக் கசியும். காலையில் நன்றாகத் தூக்கியதே என்று மத்தியானம் நம்ப முடியாது. சீல் கிழிந்தால் மெல்லக்கூட இறங்காது, ஒரேயடியாக விழும்.

போர்டிகோவுக்குக் கீழே

பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘சமமான, கெட்டியான தரை’ என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். நம் ஊரில் அந்தத் தரையைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை.

பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் இருபது முப்பது வருஷத்துக்குள் கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். மனை சின்னது. தண்ணீர் சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் எங்கே வைப்பார்கள்? பெரும்பாலும் கார் நிற்கும் போர்டிகோவுக்கு அடியில்தான். மேலே மூடுபலகையும் டைல்ஸும் போட்டு மறைத்தபின் வீட்டுக்காரருக்கே எது எங்கே இருக்கிறது என்று மறந்துபோகும். காரின் நான்கு டயரும் அகலமாக மிதிப்பதால் அந்தப் பலகை இத்தனை வருஷம் தாங்கியிருக்கும். ஸ்டாண்டின் கால்கள் குறுகலானவை. ஸ்விஃப்டின் முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தினால் ஒவ்வொன்றின் தலையிலும் கால் டன்னுக்கு மேல் இறங்கும். கீழே உள்ளீடற்ற இடத்தில் அந்தப் பளு குத்திட்டு நின்றால் பலகை விரிசல் விட்டு ஒரு பக்கம் உள்ளே இறங்கிவிடும். போர்டிகோவில் காரைத் தூக்க நினைப்பவர் முதலில் செய்யவேண்டியது, வீடு கட்டிய கொத்தனாரிடமோ பழைய வரைபடத்திலோ சம்ப்பும் டேங்க்கும் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது. தெரியாவிட்டால் அங்கே தூக்கவேண்டாம்.

அடுத்தது சரிவு. மழைத் தண்ணீர் வழிந்தோட வேண்டும் என்பதற்காக போர்டிகோ தரையைத் தெருப்பக்கம் வாட்டமாகத்தான் போடுவார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும். ஒரு கோலிக்குண்டை விட்டுப் பாருங்கள், உண்மை உருண்டு ஓடும். பார்க்கிங் டைல்ஸ் ஈரமானால் ஸ்டாண்டின் இரும்புக் கால் வழுக்கும். பேவர் பிளாக் மணல் படுக்கையின் மேல் அடுக்கியது. குத்துப் பளு விழுந்தால் ஒரு கல் தனியாகக் கீழே இறங்கும். கடப்பாக்கல்லுக்கு அடியில் பொள்ளல் இருந்தால் சத்தமில்லாமல் விரிசல் விடும்.

ஆற்றங்கரை ஊர்களுக்கு வேறு தொல்லை. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் வாசல் மண் பெரும்பாலும் தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல். கோடையில் இறுகிக் கல்லாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாலு நாள் அடித்தால் அதே இடம் காலை வாங்கும். மண் தரையில் ட்ராலி ஜாக்கிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் தூக்கும் கை நேராக மேலே ஏறாமல் வளைந்து ஏறும். அந்த வளைவுக்கு ஈடுகொடுக்க ஜாக்கியே சக்கரத்தில் கொஞ்சம் உருள வேண்டும். மண்ணில் சக்கரம் புதைந்துவிட்டால் ஜாக்கி உருளாது. அதன் தலை வண்டியின் அடியை இழுத்துக்கொண்டே போய் நழுவிவிடும். தெருத் தார் ரோட்டிலாவது செய்யலாம் என்று நினைத்தால், சித்திரை வைகாசி வெயிலில் இளகும் தாரில் ஸ்டாண்டின் கால் புதையும்.

தரை அரைகுறையாகத்தான் கிடைக்கும் என்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே முக்கால் அங்குலத்துக்குக் குறையாத ப்ளைவுட் துண்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, போடலாம். பளு பரவும். ஆனால் ப்ளைவுட் சரிவைச் சமமாக்காது, சம்ப்பையும் மூடாது. வீட்டில் தகுந்த தரை இல்லாதவருக்கு நல்ல வழி, வாட்டர் சர்வீஸ் கடைகளில் இருக்கும் சிமென்ட் ராம்ப்தான். கொஞ்ச நேரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் பலர் மறுக்கமாட்டார்கள். அடியில் ஒழுகலைப் பார்ப்பதற்கும் ஆயில் மாற்றுவதற்கும் ஜாக்கியே வேண்டியதில்லை.

வெள்ளம் விட்டுப்போனது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மேலே அணைகள் நிரம்பித் திறக்க, தாமிரபரணி கரை தாண்டியது. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை தெருவெல்லாம் ஆறானது. வாசலில் நின்ற கார்கள் தண்ணீருக்குள் நின்றன.

வெள்ளம் வடிந்த வண்டியின் அடி வேறு மாதிரி. சேறு காய்ந்து பிரேக் டிரம்முக்குள் இறுகியிருக்கும். போல்ட்டுகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சைலன்சரின் பிடிகள் தளர்ந்திருக்கும். தானே அடியில் போய்ப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் உரிமையாளருக்கு வருவது நியாயம்தான். ஆனால் அந்த வண்டிதான் அடியில் போக மிகவும் ஆபத்தான வண்டி.

ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் கேபிள் வழியாகப் பின் சக்கரத்தைப் பிடிக்கிறது. அந்த டிரம்மில் சேறும், கேபிள் உறைக்குள் துருவும் சேர்ந்திருந்தால் லிவரை மேலே இழுத்ததும் பிடித்த மாதிரித் தோன்றும், உண்மையில் பிடித்திருக்காது. இரண்டாவது, துருப்பிடித்த போல்ட். கையால் வராது என்று ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி முழு பலத்தோடு இழுப்பார்கள். போல்ட் அசைகிறதோ இல்லையோ, மேலே இருக்கிற வண்டி நிச்சயம் அசையும். அடியில் படுத்து உடம்பை உந்தி இழுக்கிற ஒவ்வோர் இழுப்பும் ஜாக்கியைப் பக்கவாட்டில் தள்ளுகிற தள்ளு. இறுகிய போல்ட்டுக்கு முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தால் பாதி வேலை முடியும்.

தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்று கதவுக்குக் கீழ் விளிம்பை அரித்திருக்கும். ஜாக்கி வைக்கச் சொல்லும் இடம் அங்கேதான். பெயின்ட் நன்றாகத் தெரியும், உள்ளே தகடு சல்லடையாக இருக்கும். தூக்குவதற்கு முன் ஸ்பேனரின் மூக்கால் தட்டிப் பார்க்கவேண்டும். சத்தம் சவசவவென்று வந்தால் அங்கே தூக்கக்கூடாது.

எந்தச் சக்கரம் வண்டியைப் பிடிக்கிறது?

தூக்குவதற்கு முன் கேட்கவேண்டிய ஒரே கேள்வி இதுதான். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் என்றால், பின்பக்கத்தைத் தூக்கிய உடனே அதற்கு வேலை இல்லாமல் போகிறது. ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் போன்ற முன் சக்கர இயக்கக் கார்களில் அப்போது முதல் கியர் முன் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில் அதுவும் கிடையாது. அவற்றில் கியர் பிடிப்பதும் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரங்களைத்தான். பின்பக்கம் மேலே போய்விட்டால் தரையில் இருக்கும் முன் சக்கரங்கள் இரண்டும் எந்தப் பிடியும் இல்லாமல் சும்மா இருக்கின்றன. முன் சக்கர இயக்கக் காரில் முன்னால் ஒரே ஒரு சக்கரத்தைத் தூக்கினாலும் கியரை நம்ப முடியாது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற டிஃபரென்ஷியல், தூக்கிய சக்கரத்தைச் சுற்றவிட்டு மற்றதை உருள அனுமதிக்கும்.

அதனால் எந்த வண்டியானாலும் தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தே ஆகவேண்டும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் லாரி நின்றால் கிளீனர் முதலில் குதித்து இறங்குவது கட்டை போடத்தான். வீட்டுக் காருக்கும் அதே ஒழுங்கு வேண்டும். செங்கல் நொறுங்கும். உருண்டைக் கல் டைல்ஸில் வழுக்கும். தச்சரிடம் சொல்லி கெட்டியான மரத்தில் ஆப்பு வடிவத்தில் நாலு கட்டை அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் பழைய டயர் ரப்பர் துண்டை ஆணி அடித்துக்கொண்டால் நகராது.

சக்கரத்தைக் கழற்றும் வேலையானால் வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். பிறகு கையேட்டில் சொன்ன இடத்தில் ஜாக்கி. எண்ணெய் பான், ஸ்டெப்னிக் குழி, பிளாஸ்டிக் மூடி எதன் மேலும் வைக்கக்கூடாது. மின்சாரக் கார் என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. தரைக்கு அடியில் முழுக்க பேட்டரி பரந்திருக்கிறது, ஓரத்தில் குறித்திருக்கும் இடத்தைத் தவிர எங்கே முட்டுக்கொடுத்தாலும் ஆபத்து. சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியதும் நிறுத்தி, ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா, கட்டை நகர்ந்ததா என்று ஒருமுறை சுற்றி வந்து பார்க்கவேண்டும். தேவையான உயரம் வந்ததும் சேசிஸின் உறுதியான இடத்தில் ஸ்டாண்டை வைத்து, வண்டியை மெல்ல அதன் மேல் இறக்கவேண்டும். எடை முழுதும் ஸ்டாண்டுக்குப் போகவேண்டும். இரண்டு ஸ்டாண்டும் ஒரே உயரம். ஜாக்கியை எடுத்துவிடாமல் லேசாகத் தொட்டபடி விடலாம். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டியின் ஓரத்துக்குக் கீழே படுக்கப்போட்டு வைக்கலாம். எல்லாம் தவறினாலும் அந்த டயரின் தடிமன் அளவுக்கு மூச்சுவிட இடம் மிஞ்சும்.

கடைசிச் சோதனையை அடியில் போவதற்கு முன் செய்யவேண்டும். வெளியே நின்றுகொண்டு வண்டியின் பக்கத்தில் தோளைக் கொடுத்து பலமாகத் தள்ளுங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போது விழட்டும். அதன்பிறகும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் யாரும் காருக்குள் ஏறாதபடி பூட்டிவிட்டு, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக்கை அடுக்குகிறவர்கள் நம் ஊரில் அதிகம். சுவரில் பளு பரவி விழும்போது அந்தக் கல் நன்றாகத் தாங்கும். ஒரு சின்ன இரும்பு விளிம்பு அதன் மேல் குத்திட்டு நின்றால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தூளாகிவிடும். மரம் வளையும், முனகும், நமக்குச் சொல்லும். சிமென்ட் கல் சொல்லாது. ஸ்டாண்டு இல்லாத இடத்தில் பழைய ரயில்வே ஸ்லீப்பர் மாதிரியான கனத்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அகலமான மேடை கட்டுவது ஹாலோ பிளாக்கைவிடப் பல மடங்கு மேல். மூன்று டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி ஒரு புது டயரின் விலைக்குள் அடங்கிவிடும் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற பெரிய கருவிக் கடை நிறுவனம் 2020இல் ஏறத்தாழ 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. உயரத்தைப் பூட்டும் பல், பளு அசைந்தால் நழுவக்கூடியதாக இருந்தது. பதிலுக்குக் கொடுத்த சில ஸ்டாண்டுகளிலும் வெல்டிங் கோளாறு கண்டு அதே ஆண்டில் அவற்றையும் திரும்பக் கேட்டார்கள். பல் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டுப் பார்ப்பதும், பூட்டுக்கு மேலே குறுக்கு ஊசி செருகும் வகையாகப் பார்த்து வாங்குவதும் நம் கையில் இருக்கிறது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலைப் பிடித்து இழுக்காதீர்கள். நெஞ்சின் மேல் பளு இருந்தால் விலா எலும்பு விரிய முடியாது, மூச்சு உள்ளே போகாது. கையில் இருப்பது சில நிமிஷம்தான். தெருவைக் கூப்பிட்டு எத்தனை கை கிடைக்கிறதோ அத்தனையும் சேர்ந்து அந்தப் பக்கத்தைத் தூக்கவேண்டும், அல்லது பக்கத்து வீட்டுக் காரின் ஜாக்கியைக் கொண்டுவந்து தூக்கவேண்டும். தூக்கத் தூக்க ஸ்டெப்னி, கட்டை என்று எதையாவது கீழே சொருகிக்கொண்டே வரவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி விழும். அதே நேரத்தில் ஒருவர் 108ஐ அழைக்கவேண்டும். எத்தனை மணிக்கு விழுந்தது என்று அவர்களிடமும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலும் தவறாமல் சொல்லுங்கள். வெகுநேரம் நசுங்கிக் கிடந்த சதையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தையும், வேறு கழிவுகள் சிறுநீரகத்தையும் தாக்கும். வெளியே காயம் தெரியாததால் மருத்துவர்களுக்கு அந்த நேரக் கணக்குதான் வழி காட்டும்.

பட்டறைப் பையன்கள்

வீட்டுக்காரர் தன் விருப்பத்தில் அடியில் போகிறார். நாள் முழுக்க அடியிலேயே கிடக்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ரோட்டோரப் பட்டறையில் கையாளாக வேலை கற்கும் பையன்கள். பேட்டை அரசு ஐடிஐ மாதிரி இடங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்பவர்கள் முறையாகக் கற்றுக்கொள்கிறார்கள். பட்டறைப் பையன் “ஏலே, உள்ள போய் அந்த நட்டைப் பிடி” என்பதிலிருந்துதான் தொடங்குகிறான். ஸ்டாண்டு எடுத்து வைக்க ஆகும் இரண்டு நிமிஷத்தை அவனால் முதலாளியிடம் கேட்டு வாங்க முடியாது.

சட்டமும் அவனுக்கு எட்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29வது பிரிவு, பளு தூக்கும் கருவிகளைக் குறித்த காலத்தில் சோதிக்கவேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் பொருந்தியது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. நம் ஊர்ப் பட்டறைகளில் நாலு பேர், ஐந்து பேர். எந்த ஆய்வாளரும் வந்து அந்த ஜாக்கியைப் பார்க்கப் போவதில்லை. பட்டறைகளுக்கு ஸ்டாண்டு வாங்க அரசு மானியம் கொடுத்தாலும் பெரிய செலவாகாது. கார் கம்பெனிகள் டிக்கியில் இரண்டு ரப்பர் கட்டைகளைச் சேர்த்து வைத்தால் வண்டி விலையில் அது கணக்கிலேயே வராது. இரண்டையும் கேட்கவேண்டும், உரக்கக் கேட்கவேண்டும்.

அதுவரை வண்டியை விடப் போகிறவருக்கு ஓர் உரிமை இருக்கிறது. உங்கள் கார் ஜாக்கியில் நிற்க, அடியில் ஒரு பையன் படுத்திருந்தால், “ஸ்டாண்டு வச்சிட்டு இறங்கச் சொல்லுங்க அண்ணாச்சி, நான் காத்திருக்கேன்” என்று பட்டறைக்காரரிடம் சொல்லலாம். பணம் கொடுக்கிறவர் சொன்னால் அவர் கேட்பார்.